ராஜாத்தி வாங்கிய பெட்ரோல் வண்டி

வியாசர்பாடி ராஜாத்திக்கு மறதி என்பதே கிடையாது. யாராவது அவளை அவமானப்படுத்தினால் பதிலுக்குத் திட்டமாட்டாள், கையை ஓங்கமாட்டாள், பேசாமல் நகர்ந்துவிடுவாள். விஷயம் அதோடு முடிந்தது என்று எதிராளி நிம்மதியாக இருப்பான். அது அவனுடைய கெட்ட நேரம்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஹவுசிங் போர்டு வாசலில் தண்ணி லாரி வரிசையில் ஒருத்தி இவளுடைய எவர்சில்வர் குடத்தைக் காலால் எத்திவிட்டாள். ராஜாத்தி குடத்தை எடுத்து, ஒடுங்கிய இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றாள். இரண்டு வருஷம் கழித்து அந்த எத்தினவள் வீட்டில் ஒரு சாவு. அன்றைக்கென்று பார்த்து லாரி வரவில்லை. ராஜாத்தி தன் வீட்டிலிருந்த ஆறு குடம் தண்ணீரையும் மூன்று மாடி இறக்கிக் கொண்டுபோய் அவள் எதிரில் வைத்தாள். ஒடுங்கின குடத்தை முன்னால் வைத்தாள். பிளாக்கே அவளைப் புகழ்ந்தது. என்னிடம் மட்டும்தான் உண்மையைச் சொன்னாள். "தண்ணி குடுக்கணும்னு போகல ண்ணா. அந்தக் குடத்த பாக்கறப்ப அவ மூஞ்சி எப்டி போவுதுன்னு பாக்கணும், அதுக்குத்தான் போனேன்."

நான் வால்டர். பூர்வீகம் ராயபுரம். எர்ணாவூரில் இருபத்தாறு வருஷமாக வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ராஜாத்தி எனக்குச் சொந்தமில்லை. அண்ணா என்று கூப்பிடுவாள், அந்தக் கணக்கில் அவள் புருஷன் கிருஷ்ணப்பனுக்கு நான் மச்சான். அந்த மனுஷனுடைய பிழைப்பில் மண் அள்ளிப் போட்டவர்களில் நானும் ஒருவன். அதைச் சொல்லாமல் ராஜாத்தியின் கதையைச் சொல்ல முடியாது.

என் கடைக்குப் பக்கத்து ஷெட் பொன்ராஜுடையது. ஒன்பது லோடு வண்டி வைத்திருந்தான். எல்லாம் குட்டி யானை என்று நாம் சொல்கிற சின்ன வண்டிகள். அவனைப் பற்றி நல்ல வார்த்தை எதிர்பார்க்கிறவர்கள் வேறு யாரையாவது போய்க் கேளுங்கள். டிரைவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டான், வண்டி நம்பரின் கடைசி இரண்டு எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவான். பதினாறு வருஷம் அவனிடம் ஓட்டிய கிருஷ்ணப்பன் அவனுக்கு 'நாப்பத்தொண்ணு'.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மாசமாக வண்டிகளில் பெட்ரோல் குறைந்துகொண்டே வந்தது. பொன்ராஜ் டேங்கில் குச்சி விட்டு அளந்து பார்த்தான். ஒரு நாள் காலையில், வேலைக்கு வந்திருந்த ஆறு டிரைவர்களையும் ஷெட் வாசலில் வரிசையாக நிற்கவைத்தான்.

"எவனோ டியூபு போட்டு வாய் வெச்சி உறியறான். அவன் வாயே சொல்லிடும்" என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். "வால்டரு, இப்டி வா. நீ வெளியாளு. நீ மோந்து பாத்து சொன்னா எவனும் வாய் பேச முடியாது."

போய்யா, உன் வேலையைப் பார் என்று அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒன்பது வண்டியின் வயரிங் வேலையும் என்னிடம்தான் வரும். ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுப் போனேன். ஒவ்வொருவனும் வாயைத் திறந்தான். பீடி, வெற்றிலை, இட்லி, கழுவாத பல். ஆறாவதாக நின்றவன் கிருஷ்ணப்பன். அவன் வாயில் பெட்ரோல் வாடை வந்தது.

"வருது" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. பொன்ராஜ் அவன் சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியைத் தானே கையை விட்டு எடுத்துக்கொண்டான். "வாயை மூடாத நாப்பத்தொண்ணு, எல்லாரும் பாக்கட்டும்" என்றான். மற்ற டிரைவர்கள் வண்டி எடுத்துக்கொண்டு போகும்வரை அந்த மனுஷன் வாயைத் திறந்துகொண்டே நின்றான்.

மறுநாள் காலை ராஜாத்தி என் கடைக்கு வந்தாள். செருப்பால் அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"ண்ணா, மெய்யாலுமே வாடை வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

"சரி" என்றாள்.

பிறகு அவளே நடந்ததைச் சொன்னாள். முந்தின நாள் விடிந்ததும் எர்ணாவூர் பாலத்துக்குக் கீழே டில்லிபாபுவின் பைக் பெட்ரோல் இல்லாமல் நின்றிருக்கிறது. டில்லிபாபு என்பவன் பொன்ராஜின் மச்சினன், பொண்டாட்டியின் கூடப்பிறந்தவன். அந்த வழியாக லோடு வண்டியில் வந்த கிருஷ்ணப்பனை நிறுத்தி, அந்த வண்டியிலிருந்து ஒரு பாட்டில் உறிஞ்சிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறான். முதலாளியின் மச்சினன் கேட்டால் இவன் என்ன செய்வான்? டியூபில் வாய் வைத்தான், ஒரு மடக்கு வாய்க்குள் போய்விட்டது. வரிசையில் நின்றபோது டில்லிபாபு பொன்ராஜுக்குப் பக்கத்திலேயே நின்றான். அவன் சொல்வான், சொல்வான் என்று கிருஷ்ணப்பன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். டில்லிபாபு போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு மாசமும் டில்லிபாபுவின் பைக் எந்தப் பெட்ரோலில் ஓடியது என்பதை இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

கிருஷ்ணப்பன் அதற்குப் பிறகு வண்டி ஓட்டவில்லை. முடியவில்லை. பெட்ரோல் வாடை பட்டாலே குமட்டல் வந்துவிடும். பங்க் இருக்கிற பக்கமே நடக்கமாட்டான், ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விடுவான். ஒரு கன்டெய்னர் யார்டில் லாரி நம்பர் எழுதும் வேலைக்குப் போனான். பேச்சு குறைந்துவிட்டது. சிரிக்கும்போதுகூட உதட்டை மூடிக்கொண்டுதான் சிரித்தான்.

ராஜாத்தி அப்போது காத்திவாக்கத்தில் ஒரு சமையல் கூடத்தில் வேலை பார்த்தாள். தினமும் கொருக்குப்பேட்டையில் ரயிலேறிப் போவாள். எண்ணூர் பக்கம் ஒரு எண்ணெய் டேங்க் யார்டு இருக்கிறது, பெயர் வேண்டாம். எரிகிற சரக்கு நிறைந்த இடம், உள்ளே அடுப்பு பற்றவைக்கக் கூடாது. அதனால் உள்ளே வேலை செய்யும் இருநூற்று நாற்பது பேருக்கும் சோறு வெளியே சமைத்து வண்டியில்தான் போக வேண்டும். அந்த வண்டி பொன்ராஜுடையது. சோற்றோடு போய்ப் பரிமாறிவிட்டு வருவது ராஜாத்தியின் வேலை. புருஷன் வாயைத் திறக்கவைத்தவனுடைய வண்டியிலேயே நாலு வருஷம் ஏறிப் போய் வந்தாள். எப்படி முடிந்தது என்று கேட்டேன். "தெனமும் அவன் வண்டில குந்தினாதான் ண்ணா காண்டு ஆறாம கீது" என்றாள்.

அதே நாலு வருஷத்தில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸும் எடுத்தாள். யார்டு கேட்டில் தினமும் பாஸுக்காகக் கால் மணி நேரம் நிற்க வேண்டும். நிற்கிற நேரத்தில் எதிரில் ஒரு போர்டு. உள்ளே எதையெல்லாம் கொண்டுவரக் கூடாது என்று பதினாறு வரி. டிரைவர்கள் யாரும் அதைப் படித்ததில்லை, சீட்டில் உட்கார்ந்தபடியே போய் வருகிறவர்கள். இவள் படித்தாள். தீப்பெட்டி, லைட்டர், செல்போன். பதினோராவது வரி: எரிவாயு சிலிண்டர் பொருத்திய வண்டிகளுக்கு அனுமதி இல்லை.

போன வருஷம் யார்டில் ஒரு புது விதி வந்தது. சோறு கொண்டுவரும் வண்டி புதுசாக இருக்க வேண்டும், பழைய வண்டி செல்லாது. யார் வேண்டுமானாலும் ரேட் எழுதிப் போடலாம். குறைந்த ரேட் போட்டவருக்கு வேலை. அடுத்து நிற்பவரை இரண்டாம் ஆளாக எழுதி வைப்பார்கள். முதல் ஆள் ஒரு வேளை சோறு கொண்டுவரத் தவறினாலும் வேலை இரண்டாம் ஆளுக்குப் போய்விடும்.

ராஜாத்தி அன்று மதியமே என் கடைக்கு வந்தாள். "ண்ணா, வண்டி வாங்கப் போறேன். பெட்ரோலா, கேஸா?"

கடனுக்கு என்ன செய்தாள் என்பதெல்லாம் அவள் சொந்த விஷயம், இங்கே வேண்டாம். தொழில்காரனாக எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கேஸ் வண்டிக்குச் செலவு குறைவு, ஆனால் பங்கில் வரிசை நிற்கணும், பாரத்தோடு பாலம் ஏறும்போது கொஞ்சம் திணறும். பெட்ரோல் வண்டி இழுக்கும், ஆனால் குடிக்கும். தினமும் ஒரே ரோட்டில் ஓட்டி நாலு காசு மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் கேஸ்தான் என்றேன்.

அந்த டில்லிபாபு இப்போது ஒரு வண்டி ஷோரூமில் விற்பனை ஆள். ராஜாத்தி வேண்டுமென்றே அங்கேதான் போனாள், புருஷனையும் கூட்டிக்கொண்டு போனாள். வரமாட்டேன் என்றவனை இழுத்துக்கொண்டு போனாள். நானும் போனேன்.

டில்லிபாபு எங்களைப் பார்த்ததும் ஒரு நொடி முழித்தான், பிறகு பல்லைக் காட்டினான். "அக்கா, இத்த பாரு. ஹைபிரிட்டு. கேஸ்லயும் ஓடும், பெட்ரோல்லயும் ஓடும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஹைபிரிட் என்றால் இன்ஜினும் மின்சார மோட்டாரும் சேர்ந்து இழுக்கும். கார்களில் வருகிறது, நம்முடைய குட்டி யானையில் நான் பார்த்ததில்லை. இவன் காட்டியது கேஸ் சிலிண்டரும், அவசரத்துக்கு ஐந்து லிட்டர் பெட்ரோல் டேங்கும் வைத்த வண்டி. நான் அதை ரெண்டுங்கெட்டான் என்றுதான் சொல்வேன். ஆனால் டில்லிபாபு வைத்த பெயர்தான் ஊரில் ஒட்டிக்கொண்டது. எர்ணாவூரிலிருந்து எண்ணூர் வரை எல்லோருக்கும் அது ஹைபிரிட். திருத்தப் போனால், உனக்கு பொறாமை வால்டரு என்பார்கள்.

கிருஷ்ணப்பன் வண்டியைச் சுற்றி வந்தான். குனிந்து அடியில் இருந்த சிலிண்டரைப் பார்த்தான். மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். பிறகு கதவைத் திறந்து ஸ்டியரிங் பின்னால் உட்கார்ந்தான். நாலு வருஷம் கழித்து ஸ்டியரிங்கைத் தொடுகிறான்.

"ராஜாத்தி, இத்த எவனும் வாய் வெச்சி உறிய முடியாது" என்றான். பல் தெரியச் சிரித்தான். "அந்த அஞ்சு லிட்டர மட்டும் நீ போட்டுடு. மீதி நான் ஓட்டறேன்."

மறுநாளே லைசென்ஸைப் புதுப்பிக்க எழுதிக் கொடுத்துவிட்டான்.

ராஜாத்தி எதிர்பார்த்தபடியே டில்லிபாபு நடந்துகொண்டான். ராஜாத்தி கேஸ் வண்டி வாங்குகிறாள், யார்டுக்கு ரேட் போடுகிறாள் என்று அன்று சாயங்காலமே பொன்ராஜ் காதில் ஓதிவிட்டான். பொன்ராஜுக்கு ஒரு வியாதி உண்டு. போட்டிக்கு வருகிறவன் எது செய்தாலும் அதையே செய்து, அவனைவிட ஒரு படி இறங்கிப் பிடுங்குவான். இரண்டு கேஸ் வண்டிக்குச் சொல்லிவிட்டான். மச்சினனுக்கு இரண்டு வண்டியின் கமிஷன்.

அந்த வாரம் ராஜாத்தி என் கடையில் பேட்டரிப் பெட்டி மேல் உட்கார்ந்தாள். போர்டின் பதினோராவது வரியை அப்போதுதான் எனக்குச் சொன்னாள். நான் கையிலிருந்த வயரைக் கீழே வைத்தேன்.

"அப்ப நீ?"

"நான் பெட்ரோல் வண்டி வாங்கறேன். வேற ஷோரூம்ல. டில்லிபாபுக்கு தெரியக்கூடாது."

"கிருஷ்ணப்பனுக்கு?"

அவள் ரோட்டில் நின்ற டிரெய்லர்களைப் பார்த்தாள். "அவருக்கும் சொல்லல. அவரு மூஞ்சில எதுவும் நிக்காது, டில்லிபாபு பாத்தா கண்டுபுடிச்சிடுவான். கேஸ் வண்டி வாங்கினா அவரு திரும்ப ஓட்டுவாரு. காசிமேட்டுல ஐஸ் லோடு கீது, பொழச்சிக்கலாம். பெட்ரோல் வண்டி வாங்கினா பொன்ராஜு எங்கிட்ட வந்து நிப்பான். ரெண்டுல ஒண்ணுதான் ண்ணா. நீ சொல்லு."

கேஸ் வண்டி வாங்கு, உன் புருஷனைப் பார் என்று சொல்லத் தெரியாதவன் இல்லை நான். அவள் கேட்டதே அதற்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது, யாராவது தடுக்கட்டும் என்று. ஆனால் பொன்ராஜ் வந்து நிற்பான் என்ற அந்த ஒரு வார்த்தை என் வயிற்றுக்குள் இனித்தது. எனக்கும் நாலு வருஷமாகக் காண்டு இருந்தது. அவன்மேல் கொஞ்சம், என்மேல் மிச்சம்.

"உன் இஷ்டம்மா" என்றேன். சொன்னபோதே அது கோழைத்தனம் என்று தெரிந்தது.

பெட்ரோல் வண்டி வந்தது. வெள்ளை நிறம். ஹவுசிங் போர்டு வாசலில் நிறுத்தினாள். கிருஷ்ணப்பன் ஆசையாக இறங்கி வந்தான், குனிந்து அடியில் பார்த்தான், சிலிண்டர் இல்லை. பெட்ரோல் மூடியைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். மாடி ஏறிப் போய், புது லைசென்ஸைப் பீரோவில் அவள் புடவைகளுக்கு நடுவில் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான். ராஜாத்தி அதை என்னிடம் சொல்லும்போது குரல் கொஞ்சமும் மாறவில்லை. அவள் முடிவு செய்துவிட்டால் அப்படித்தான்.

ரேட் போட்டார்கள். பொன்ராஜ் குறைத்துப் போட்டு முதல் ஆள் ஆனான். ராஜாத்தி இரண்டாம் ஆள். தன் வண்டியைக் கேட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் முன்னாலேயே சோதனை முடித்து, சைலன்சருக்குத் தீப்பொறி தடுக்கும் வலை மாட்டி, பாஸ் வாங்கிவிட்டாள். பொன்ராஜ் பழைய ஆள் என்ற திமிரில் ஆபீசுக்குக் காகிதம் மட்டும் அனுப்பினான். அதில் வண்டி எதில் ஓடுகிறது என்று ஒரு கட்டம். டில்லிபாபு அதில் 'ஹைபிரிட்' என்று எழுதிக் கொடுத்தான். அவனுக்குத் தெரிந்த பெயர் அதுதானே. ஆபீசில் இருந்தவர்கள் அதைப் படித்துவிட்டு, ஏதோ பேட்டரி வண்டி என்று நினைத்து முத்திரை குத்திவிட்டார்கள்.

முதல் நாள். பதினொன்றே முக்கால் மணி வெயில். பொன்ராஜ் தானே வந்தான். புது வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, பின்னால் நாலு அண்டா சோறும் குழம்பும். டில்லிபாபு பக்கத்தில். வேடிக்கை பார்க்க மூன்று டிரைவர்கள் இன்னொரு புது வண்டியில் வந்திருந்தார்கள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பூவரச மர நிழலில் ராஜாத்தியின் வண்டி நின்றது. வயரிங் பார்க்கணும் என்று சொல்லி என்னையும் கூப்பிட்டிருந்தாள். வயரிங்கில் ஒரு கோளாறும் இல்லை.

கேட்டில் சீனியம்மாள் என்று ஒரு செக்யூரிட்டி. நீளக் கம்பியில் மாட்டிய கண்ணாடியை வண்டிக்கு அடியில் விட்டுப் பார்த்தாள். கண்ணாடியை வெளியே எடுத்தாள். போர்டைக் காட்டினாள்.

"கேஸ் வண்டி உள்ள வராது."

"இது கேஸ் வண்டி இல்லம்மா, ஹைபிரிட்டு. ஆபீஸ்ல முத்திரை குத்தி குடுத்துகிறாங்க பாரு" என்றான் பொன்ராஜ்.

"அடியில தொங்கறது இன்னா சார், பலாப்பழமா?"

பொன்ராஜ் கத்தினான். போன் போட்டான். பெரிய ஆட்கள் பெயரைச் சொன்னான். சீனியம்மாள் போர்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். பன்னிரண்டு ஐந்துக்கு உள்ளேயிருந்து கேன்டீன் மேனேஜர் போன். உள்ளே ஆட்கள் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள், பத்து நிமிஷத்தில் சோறு வரவில்லை என்றால் பொன்ராஜுடைய மற்ற வண்டிகளுக்கும் இனி யார்டு வேலை கிடையாது என்றார். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

டில்லிபாபு ரோட்டைத் தாண்டி ஓடி வந்தான். "அக்கா, கொஞ்சம் ஏத்திகினு போயேன்."

"உங்க மாமா வந்து கேக்கட்டும்" என்றாள் ராஜாத்தி. துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பொன்ராஜ் வந்தான். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. "இந்தாம்மா, உனக்கு வேணும்னா வாடகைய வாங்கிக்க. சோத்த ஏத்து."

"ஏத்தறேன். வாடகை வேணாம். மொதல்ல வாயத் தொற."

"இன்னாது?"

"வாயத் தொற. வால்டர் அண்ணா மோந்து பாப்பாரு. அவரு வெளியாளு. அவரு சொன்னா எவனும் வாய் பேச முடியாது." அவள் குரலை உயர்த்தவில்லை. "அன்னிக்கு எங்கூட்டுக்காரர நிக்க வெச்ச பாரு, அதே மாதிரி."

மூன்று டிரைவர்களும் அருகில் வந்துவிட்டார்கள். அதில் இரண்டு பேர் அன்று அந்த வரிசையில் நின்றவர்கள். பொன்ராஜ் அவர்களைப் பார்த்தான், அண்டாக்களைப் பார்த்தான், கையில் மறுபடி அடிக்க ஆரம்பித்த போனைப் பார்த்தான். வாயைத் திறந்தான்.

நான் கிட்டப் போனேன். கிராம்பு வாடையும், காலையில் தின்ற பொங்கலின் நெய் வாடையும் வந்தன. வேறு எதுவும் இல்லை.

"இன்னா வாடை வருது ண்ணா?"

"பெட்ரோல் வாடை வருது" என்றேன்.

ஒரு டிரைவர் சிரித்துவிட்டான். மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். அப்போது எனக்கு மனசு எவ்வளவு குளிர்ந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. கர்த்தர் மன்னித்தாலும் சரி, மன்னிக்காவிட்டாலும் சரி.

"வாய மூடாத, எல்லாரும் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ராஜாத்தி வண்டியை எடுத்துக் கேட்டுக்குத் திருப்பினாள். டிரைவர்களே அண்டாக்களை மாற்றி ஏற்றினார்கள், டில்லிபாபுவும் ஒரு கை பிடித்தான். பன்னிரண்டரைக்குள் உள்ளே சோறு பரிமாறியாயிற்று. அன்றிலிருந்து அந்த வேலை ராஜாத்தியுடையது.

திரும்பும் வழியில் பங்கில் நிறுத்தி டேங்கை நிரப்பினாள். கூட்டத்தில் எவனோ இடித்ததில் குழாய் ஆடி அவள் கையில் கொஞ்சம் சிந்திவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டே, வூட்டுக்கு வந்து சாப்டுட்டு போ ண்ணா, இன்னிக்கு கறிக்கொழம்பு என்றாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

நாங்கள் மாடி ஏறும்போது நாலு மணி. கிருஷ்ணப்பன் வேலை முடிந்து வந்திருந்தான். செய்தி எங்களுக்கு முன்னால் வந்துவிட்டது, டிரைவர்களில் ஒருவன் போனில் சொல்லியிருக்கிறான். நான் பாயில் உட்கார்ந்தேன். அவன் சந்தோஷப்படுவான், கட்டிப் பிடிப்பான் என்றுதான் நான் வந்திருந்தேன்.

"மச்சான், அவன் வாயில மெய்யாலுமே பெட்ரோல் வாடை வந்துச்சா?" என்று கேட்டான்.

"இல்ல."

"என் வாயில?"

"வந்துச்சு கிருஷ்ணப்பா."

அவன் தலையை ஆட்டினான். "எவ்ளோ நேரம் தொறந்துகினு நின்னான்?"

"ஒரு நிமிஷம் இருக்கும்."

"அது எவ்ளோ நேரம்னு எனக்குத் தெரியும்" என்றான்.

ராஜாத்தி கை கழுவிவிட்டு வந்து அவனுக்குத் தட்டு வைத்தாள். பொன்ராஜின் முகம் எப்படி ஆனது என்று சொல்லிக்கொண்டே சோற்றை அள்ளிப் போட்டாள். குழம்பு ஊற்றக் குனிந்தபோது அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"கைய கழுவிட்டு வா."

"கழுவிட்டுதான வந்தேன்."

"இன்னொரு தபா கழுவு."

எழுந்து போனாள். சோப்பு போட்டுத் தேய்க்கும் சத்தம் கேட்டது. பிறகு புளி போட்டுத் தேய்த்தாள். திரும்பி வந்து கரண்டியை எடுத்தாள். கிருஷ்ணப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூச்சை அடக்கினான். பங்கைத் தாண்டும்போது அவன் அப்படித்தான் அடக்குவான்.

"வேணாம். நானே போட்டுக்கறேன்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை.

ராஜாத்தி கரண்டியோடு என் பக்கம் திரும்பி, ஈரமான கையை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"ண்ணா, நீ மோந்து பாத்து சொல்லு. வாடை வருதா?"

புளி வாடை வந்தது, சோப்பு வாடை வந்தது, அதற்கு அடியில் பெட்ரோல் வாடையும் வந்தது. பொய் சொல்வது எனக்கு ஒன்றும் புதிதில்லை, அன்று மத்தியானம்தான் ஒன்று சொல்லியிருந்தேன்.

"வருதும்மா" என்றேன்.

"சரி" என்றாள்.

கரண்டியை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கிருஷ்ணப்பன் தானே குழம்பை ஊற்றிச் சாப்பிட்டான். இன்றைக்கும் அந்த வீட்டில் அவன் தானே போட்டுத்தான் சாப்பிடுகிறான்.